பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கினால் வீணாவது குறையுமா?

கேள்வி கேட்டவர் சொன்னதை முதலில் சுருக்கிவிடுகிறேன். வீட்டில் ஐந்து பேர்: வேலைக்குப் போகும் கணவன் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், அத்தை. மளிகை, காய்கறி, பால், கறி மீன் எல்லாம் சேர்த்து மாதம் 18,000 ரூபாய் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது ஒரு பை நிறையக் குப்பைக்குப் போகிறது. இப்போது இருப்பது 190 லிட்டர். 300 லிட்டருக்கு மேல் ஒன்று வாங்கினால் வீணாவது குறைந்து பணம் மிச்சமாகுமா என்று கேட்டிருக்கிறார். ஃப்ரிட்ஜைப் பற்றிக் கேட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்: அந்தப் பையோடு மாதம் எவ்வளவு பணம் போகிறது, அதில் எவ்வளவைத் திரும்பப் பிடிக்கலாம், அதற்கு எவ்வளவு மெனக்கெட வேண்டும்? முதலில் அதைப் பார்ப்போம், ஃப்ரிட்ஜுக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் மனையியல் படித்தவள். மதுரைப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் 19 ஆண்டுகள் சமையற்கூடத்தைப் பார்த்துக்கொண்டேன். 240 பேருக்கு மூன்று வேளை. இப்போது ஓய்வில், மகன் வீட்டில் ஆறு பேருக்குச் சமைக்கிறேன். விடுதியில் கற்றதெல்லாம் வீட்டுக்கு அப்படியே ஒத்துவராது. அங்கே பட்டியலில் எழுதியதுதான் சாப்பாடு. வீட்டில் ஒருவருக்குத் தோசை, ஒருவருக்குச் சப்பாத்தி, இன்னொருவர் பசியே இல்லை என்பார். அதனால் எது உறுதியாகத் தெரிந்தது, எது என் பழக்கத்தில் சொல்வது என்று ஆங்காங்கே பிரித்தே சொல்கிறேன்.

ஒரு பை என்றதும் பதற வேண்டாம். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவு குப்பைக்குப் போவதாக மதிப்பிடுகிறது. உலகச் சராசரி 79 கிலோ. உங்கள் வீட்டின் ஐந்து பேருக்கு இது வாரம் ஐந்து கிலோவுக்குச் சற்று மேலே வரும். ஆனால் அந்தக் கணக்கில் சாப்பிட முடியாத தோல், எலும்பு, கொட்டை எல்லாமே அடக்கம். வாழைக்காய்த் தோலும் மென்று துப்பிய முருங்கைக்காயும் சேர்ந்த எடை அது. எடையை வைத்துப் பணத்தைக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். ஒரு கிலோ பூசணித் தோல் கொட்டினால் பைசா நட்டமில்லை. வறுத்த வஞ்சிரம் இரண்டு துண்டு கெட்டுப்போனால் கணிசமான பணம் போயிற்று.

விடுதியில் ஒரு முறை, அரிசி அதிகமாகப் போகிறது, யாரோ மூட்டையில் கை வைக்கிறார்கள் என்று கணக்குப் பிரிவிலிருந்து புகார் வந்தது. சமையல்காரர்களைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. கழிவு வாளியை மூன்றாகப் பிரித்தேன். காய் நறுக்கும்போது விழும் தோலும் காம்பும் ஒன்றில். சமைத்துப் பரிமாறாமலே நின்றுபோன மீதம் இன்னொன்றில். தட்டிலிருந்து வழித்த எச்சில் மூன்றாவதில். ஒரு வாரம் மூன்றையும் எடை போட்டு நோட்டில் எழுதினோம். திருட்டு எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை இரவும் சனிக்கிழமை மதியமும் மீத வாளி வழிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஊருக்குப் போவார்கள், மிச்சப் பேர் வெளியே சாப்பிடப் போவார்கள். நாங்கள் 240 பேருக்கே உலை வைத்துக்கொண்டிருந்தோம். வியாழக்கிழமை இரவு ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டு, இருப்பவர்கள் மட்டும் பெயர் எழுதச் சொன்னதும் அரிசிக் கணக்கு அடங்கிவிட்டது.

உங்கள் வீட்டில் முதலில் செய்ய வேண்டியதும் இந்த மூன்று வாளிப் பிரிப்புதான். உண்மையான வாளி வேண்டாம், ஃப்ரிட்ஜ் மேல் ஒரு நோட்டும் பேனாவும் போதும். 14 நாள் மட்டும், எதைக் கொட்டினாலும் என்ன, ஏறக்குறைய எவ்வளவு, வாங்கியபோது என்ன விலை, ஏன் கொட்டினோம் என்று ஒரு வரி எழுதுங்கள். தோலையும் காம்பையும் எழுத வேண்டாம். 'அரைக்கட்டு சிறுகீரை, 10 ரூபாய், மறந்துவிட்டது.' 'ஒரு டம்ளர் மாவு, புளித்துவிட்டது.' 'சின்னவன் டிபன் பாக்ஸ், பாதி எலுமிச்சைச் சாதம், பிடிக்கவில்லையாம்.' இப்படி. நோட்டைப் பார்த்து யாரையும் குறை சொல்லக் கூடாது என்று வீட்டில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாளே நோட்டுக்குத் தெரியாமல் கொட்ட ஆரம்பிப்பார்கள். விடுதியில் இதை நான் அனுபவித்திருக்கிறேன்.

இந்த நோட்டில் வழக்கமாக வருவது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சோறு கொட்டுவதுதான் நம்மவர்களுக்கு மனசை உறுத்தும். கணக்குப் பார்த்தால், தினம் ஒரு பெரிய கரண்டி, அதாவது 150 கிராம் சோறு கொட்டினால், அது 50 முதல் 60 கிராம் அரிசி. மாதம் ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல். கிலோ 60 ரூபாய் அரிசி என்றால் நூறு ரூபாய் வரும். போகட்டும் என்று சொல்லவில்லை. ஆனால் பாதி மூடித் தேங்காய் வாரம் ஒன்று, பிசுபிசுத்துப்போன பாக்கெட் மாவு, திரிந்த அரை லிட்டர் பால், அடியில் கிடந்து அழுகிய கால் கிலோ பீன்ஸ் இவையெல்லாம் சேர்ந்தால் சோற்றைப் போல மூன்று நான்கு மடங்கு பணம். அவற்றைக் கொட்டும்போது கை நடுங்குவதில்லை, ஏனென்றால் அவை இன்னும் இலையில் விழாத பொருள்கள்.

அடுத்து வாங்கும் இடம். ஒரு கிலோ 30 ரூபாய், அரைக் கிலோ 20 என்று தள்ளுவண்டிக்காரர் சொன்னால் கை தானாக ஒரு கிலோவுக்குப் போகும். வாங்கிய கிலோவில் 400 கிராம் கெட்டுப்போனால், சாப்பிட்ட 600 கிராமுக்கு 30 ரூபாய் கொடுத்திருக்கிறோம்; கிலோ 50 ரூபாய் ஆகிவிட்டது. அரைக் கிலோவாக வாங்கியிருந்தால் கிலோ 40தான். ஐந்து பேர் வீட்டில் உருளை, வெங்காயம், சேனை, பூசணி போல நிற்கிற காயைக் கிலோக் கணக்கில் வாங்கலாம். கீரை, வெண்டை, கத்தரி, பீன்ஸ், தக்காளி வாரத்துக்கு இரண்டு முறை, கால் கிலோ அரைக் கிலோவாக. 'அதற்கு நேரம் எங்கே இருக்கிறது' என்பீர்கள். சரி, வாரம் ஒரு முறைதான் முடியும் என்றால் சமைக்கும் வரிசையையாவது மாற்றுங்கள்: முதல் இரண்டு நாள் கீரையும் வெண்டையும், நடுவில் கத்தரி, பீன்ஸ், அவரை, கடைசி இரண்டு நாள் கேரட், முட்டைக்கோஸ், கிழங்கு. பை நிறைய வாங்கிவந்த சனிக்கிழமையே உருளைக்கிழங்கு வறுவல் செய்துவிட்டு, வெண்டைக்காயை வியாழக்கிழமை முற்றவிட்டுக் கொட்டுவது நிறைய வீட்டில் நடக்கிறது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசு விற்றது. அந்த மாதம் எங்கள் வீட்டில் ஒரு தக்காளிகூட அழுகவில்லை. ரசத்துக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்றரை என்று எண்ணித்தான் எடுத்தோம். செப்டம்பரில் விலை தரைக்கு வந்ததும் மூன்று கிலோவாக வாங்கினோம், கூடையின் அடியில் மறுபடி தண்ணீர் விட ஆரம்பித்தது. மலிவான காலத்தில்தான் நோட்டு அதிகம் தேவைப்படுகிறது.

சமைக்கும் அளவைப் பற்றிப் பேசும்போது அத்தையை விட்டுவிட்டுப் பேச முடியாது. கேள்வியிலேயே 'அத்தை எப்போதும் ஒரு கை கூடப் போடுவார்' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு கை அரிசிக்குப் பின்னால் ஒரு நியாயம் உண்டு: யாராவது திடீரென்று வந்து நின்றால் இலை போடாமல் அனுப்ப முடியுமா? அந்தத் தலைமுறையிடம் போய் 'குறைவாகச் சமையுங்கள்' என்றால் சண்டையில்தான் முடியும். என் அனுபவத்தில் நடந்தது வேறு. வருகிறவர்களுக்கான ஏற்பாட்டைச் சமைத்த சோற்றிலிருந்து சமைக்காத பொருளுக்கு மாற்றினோம். ஒரு டப்பாவில் வறுத்த ரவை, சேமியா, அப்பளம், வத்தல், ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல். யார் வந்தாலும் 20 நிமிடத்தில் இலை போட்டுவிடலாம். 'இது விருந்தாளி டப்பா' என்று என் மாமியாரிடமே அதை ஒப்படைத்த பிறகு, கூட விழும் அந்த ஒரு கை தானாக நின்றது. உங்கள் வீட்டில் நிற்குமா என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் பொறுப்பை அவர் கையில் கொடுத்துச் செய்து பாருங்கள்.

அப்புறம், நோட்டில் 'ஏன்' என்ற இடத்தைக் கவனமாகப் பாருங்கள். இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது 'வெளியே ஆர்டர் செய்தோம்' என்ற வரி. மதியம் வைத்த சாம்பாரும் கூட்டும் ஃப்ரிட்ஜில் இருக்கும்போதே, அலுத்துப்போய் வருகிறவர்கள் பரோட்டாவோ பிரியாணியோ வரவழைக்கிறார்கள். வீட்டுச் சாப்பாடு ஒரு நாள் பின்னுக்குத் தள்ளப்படுகிறது, மறுநாள் புதிதாகச் சமைத்துவிடுகிறார்கள், மூன்றாம் நாள் பழையது குப்பைக்கு. ஒரே இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு முறை பணம். 600 ரூபாய் ஆர்டரோடு ஒப்பிட்டால் கொட்டிய கூட்டின் விலை ஒன்றுமே இல்லை. விடுதியின் வெள்ளிக்கிழமை இரவுதான் இது. வெளியே சாப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் சாப்பிடுகிறேன். எந்த நாள் என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டால் அன்று இரவுக்குச் சமைக்காமல் இருக்கலாம். முடியாத நாளுக்குத் தோசை மாவு கைகொடுக்கும். பொடியும் எண்ணெயும் இருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

மாவு என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீணாவதில் மாவுக்குத் தனி இடம் உண்டு. வாரத்துக்கான மாவை அரைத்து மொத்தத்தையும் வெளியே வைத்துப் புளிக்கவிடுவதுதான் தவறு. சித்திரை வெயிலில் ஐந்தாறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். அதற்கப்புறம் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மெதுவாகப் புளித்துக்கொண்டுதான் இருக்கும், புதனுக்குள் பல் கூசும். அரைத்ததும் இரண்டாகப் பிரியுங்கள். முதல் இரண்டு நாளுக்கானதில் மட்டும் உப்புப் போட்டுக் கரைத்து வெளியே வையுங்கள். மிச்சத்தைப் புளிக்கவிடாமல், உப்பும் போடாமல், நேராக ஃப்ரிட்ஜின் உள்பக்கம் தள்ளிவிடுங்கள். தேவைக்கு முந்தின மாலை எடுத்து உப்புப் போட்டு வைத்தால் காலையில் தயார். குளிர்ந்த மாவு என்பதால் பொங்க நேரம் கூடுதலாக எடுக்கும். மீறிப் புளித்த மாவில் பச்சரிசி மாவோ ரவையோ கலந்து, வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி போட்டு ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ ஊற்றலாம். ஆனால் மாவின் மேல் இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ திட்டுத் தெரிந்தால் வழித்துவிட்டு ஊற்றும் வேலை வேண்டாம்.

சேமித்து வைப்பதில் அறிவியல் உறுதியாகச் சொல்வது சில உண்டு. பழுக்கும் வாழை, மாம்பழம், பப்பாளி, தக்காளி, ஆப்பிள் ஆகியவை எத்திலீன் என்ற வாயுவை விடும். மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்துப் பழுக்கவைத்தார்களே, அங்கே வேலை செய்ததும் அந்த வாயுதான். வெளியே போகாமல் பானைக்குள்ளேயே அடைபட்டுக் காயைப் பழுக்கவைக்கிறது. அதே வாயு பக்கத்தில் இருக்கும் கீரையை மஞ்சளாக்கும், வெள்ளரியைச் சீக்கிரம் தளர்த்தும். ஆகவே பழக்கூடையும் காய்க்கூடையும் தனித்தனி. ஈரம் இன்னொரு எதிரி. கொத்தமல்லியையும் கறிவேப்பிலையையும் கழுவி வைத்தால் இரண்டே நாளில் கறுக்கும். கழுவாமல், வேரை வெட்டி, துணியிலோ தாளிலோ சுற்றி மூடிய டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் தாண்டும். பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி வைக்க வேண்டும். சின்ன வெங்காயத்துக்குக் காற்று வேண்டும், உருளைக்கிழங்குக்கு இருட்டு வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சையாகிக் கசக்கும் உருளையில் சோலனைன் என்ற நச்சு கூடியிருக்கும், அதைச் சாப்பிடக் கூடாது. தேங்காயில் கண் உள்ள மூடியை முதலில் பயன்படுத்து, அதுதான் முதலில் கெடும் என்று என் அம்மா சொல்வார். நானும் அப்படியே செய்கிறேன். இதைச் சோதித்துப் பார்த்துச் சொல்லவில்லை, வீட்டு வழக்கமாகச் சொல்கிறேன். உறுதியான வழி வேறு இருக்கிறது: உடைத்த அன்றே மிச்சத்தைத் துருவி ஃப்ரீசரில் போட்டுவிடுவது.

இனி எதைக் காப்பாற்றக் கூடாது என்பது. சிக்கனம் பேசும்போது இதை விட்டுவிடுகிறார்கள். சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வெந்த பிறகும் பிழைத்திருக்கும். சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சு விடும். வாந்தி வரவைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உள்ள வெப்பம்தான் இவற்றுக்குத் தோது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 32 டிகிரிக்கு மேல் கொளுத்தும் நாளில் ஒரு மணி நேரம். நம் ஊரில் ஆண்டில் பாதி நாள் இந்த இரண்டாவது விதிதான். ஆழமான குக்கரோடு அப்படியே வைத்தால் நடுப்பகுதி குளிரவே பல மணி நேரம் ஆகும். அகலமான தட்டில் பரப்பி, அடியில் தண்ணீர் வைத்து ஆறவிட்டு, பிறகு டப்பாவில் போட்டு வையுங்கள்.

'அப்படியானால் பழைய சோறு?' என்று கேட்பீர்கள். தண்ணீர் ஊற்றிய சோறு புளிக்கும்போது லாக்டிக் அமிலம் உருவாகிறது. அந்தப் புளிப்பு பல கெட்ட கிருமிகளைத் தடுக்கும். இதுவரை உறுதி. எல்லாப் பானையிலும், எல்லா வெயிலிலும் அது ஒரே மாதிரி நடக்கும் என்று உத்தரவாதம் கொடுக்க முடியாது. நான் சோறு ஆறியதுமே மூழ்க நல்ல தண்ணீர் ஊற்றிவிடுவேன், காலையில் சாப்பிட்டுவிடுவேன். மத்தியானம் முழுக்க குக்கரில் மூடிக் கிடந்த சோற்றில் ராத்திரி நினைவு வந்து தண்ணீர் ஊற்றுவதும் இதுவும் ஒன்றில்லை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிகளுக்கும் நோயில் தேறுகிறவர்களுக்கும் நான் கொடுப்பதில்லை. அவர்கள் விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதுதான் சரி.

குழம்பில் புளி கூடியது நிற்கும், தேங்காயும் பருப்பும் கூடியது நிற்காது. மீன்குழம்பும் வத்தக்குழம்பும் மறுநாள் ருசி கூடுவதும், அவியலும் தேங்காய்ச் சட்னியும் சாயங்காலத்துக்குள் நூல் விடுவதும் அதனால்தான். சமைத்ததை நல்ல ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள் வைக்கலாம் என்பது பொதுவான வழிகாட்டுதல். நான் சோறு மறுநாள் வரை, கூட்டு பொரியல் இரண்டு நாள், புளிக்குழம்பு மூன்று நாள் என்று குறைத்துக்கொள்கிறேன். கரண்ட் போய் வருவதையும், பிள்ளைகள் தண்ணீருக்காக முப்பது முறை கதவைத் திறப்பதையும் பார்த்து நானாகக் குறைத்த கணக்கு இது. ஒரு தடவைக்கு மேல் சூடாக்க வேண்டாம். வேண்டிய அளவை மட்டும் தனியாக எடுத்துக் கொதிக்கவைத்துப் பரிமாறுங்கள். பூஞ்சை பிடித்த வேர்க்கடலை, கொப்பரை, மிளகாய் வற்றல் மூன்றிலும் கஞ்சத்தனமே கூடாது. அஃப்ளடாக்சின் என்ற நச்சு அவற்றில் இருக்கலாம், ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுக்கப் போகாது. பிரெட்டில் ஒரு துண்டில் பூஞ்சை என்றால் அந்தப் பாக்கெட்டே குப்பைக்கு.

கடைப் பொருளில் இதற்கு நேர் எதிரான தவறு நடக்கிறது: நல்லதைக் கொட்டுவது. பாக்கெட்டில் இரண்டு விதத் தேதி வரும். 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பைரி' என்று இருந்தால் அது பாதுகாப்புக்கான கெடு, தாண்டினால் கொட்ட வேண்டியதுதான். 'பெஸ்ட் பிஃபோர்' என்பது ருசியும் மணமும் குறையாமல் இருக்கும் காலம். சரியாக வைத்திருந்த மல்லித்தூளோ சேமியாவோ அந்தத் தேதிக்கு மறுநாள் விஷமாகிவிடாது. வண்டு வந்துவிடுமோ என்று பயந்தால் ரவையையும் மைதாவையும் காற்றுப் புகாத பையில் கட்டி நான்கைந்து நாள் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள், முட்டையும் புழுவும் செத்துவிடும். பருப்பு டப்பாவில் வேப்பிலையோ மிளகாய் வற்றலோ போடுவது நானும் செய்வதுதான், ஆனால் ஃப்ரீசரைப் போல அதை நம்ப மாட்டேன்.

தோலில் துவையல், விதையில் பொடி என்று நிறைய யோசனைகள் வரும். பீர்க்கங்காய்த் தோல் துவையல் அருமையானது, ருசிக்காகச் செய்யுங்கள். பணத்துக்காக என்றால், அதற்குப் போகும் உளுந்து, எண்ணெய், புளி, கேஸ் எல்லாம் கூட்டினால் மிச்சம் எதுவும் நிற்காது. சமைத்த மீதத்தை மாற்றிச் சமைப்பதில்தான் லாபம்: இட்லி உப்புமா, கொத்து சப்பாத்தி, திருநெல்வேலிப் பக்கம் விருந்துக்கு மறுநாள் வைக்கும் சுண்டக்கறி. இதெல்லாம் உங்கள் அத்தைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கொடுத்துவிடுவோமே என்பவர்களுக்கு ஒன்று: சமைத்த அன்றே, நாம் சாப்பிடும்போதே எடுத்துக் கொடுங்கள். நாமே சாப்பிட யோசிக்கிற மூன்றாம் நாள் குழம்பைக் கொடுத்துவிட்டு அதை வீணாகாத கணக்கில் எழுதுவது எனக்குப் பிடிக்காது.

டிபன் பாக்ஸ் எச்சில் வாளிக் கணக்கு. அங்கே பேச வேண்டியது பிள்ளையிடம். எங்கள் பேரன் தினமும் பாதி கொண்டுவந்தான். பிடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தோம். கேட்டால், இடைவேளையில் கை கழுவ வரிசை, உட்கார்ந்தால் பத்து நிமிடம்தான், சாதம் இறுகிக் கட்டியாகிவிடுகிறது என்றான். அளவைக் குறைத்து, கலந்த சாதத்தைக் கொஞ்சம் தளர்வாக வைத்ததும் டப்பா காலியாக வந்தது. வீட்டுக்கு வந்ததும் பசிக்கிறது என்பான், அப்போது சூடாகக் கொடுத்துவிடலாம்.

இப்போது ரூபாய்க் கணக்கு. உங்கள் 18,000த்தில் அரிசி, பருப்பு, எண்ணெய், தூள் வகைகள் பெரும்பாலும் குப்பைக்குப் போவதில்லை. கெடக்கூடிய பொருள்களுக்கு 9,000 போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு கொட்டினால் 900. எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் கெடத்தான் செய்யும். ஆக மாதம் 500, 600 ரூபாய் மிச்சம் என்பது நடக்கக்கூடியது. திட்டமில்லாத ஆர்டர் மாதம் இரண்டு குறைந்தால் இன்னும் ஆயிரத்துச் சொச்சம். இவை ஊகம்தான், உங்கள் 14 நாள் நோட்டு சொல்வதே சரியான எண். உணவை வீணாக்காமல் இருந்தே மாதம் ஐந்தாயிரம் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த வீட்டில் முன்பு என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்பேன்.

சரி, ஃப்ரிட்ஜ். இடம் கூடினால் வாங்குவதும் கூடும், பின்வரிசையும் நீளும். இது ஆய்வு முடிவு என்று சொல்ல வரவில்லை, விடுதியில் பெரிய குளிர்பெட்டி வந்த ஆண்டு நான் பார்த்தது. நம் ஃப்ரிட்ஜ்களில் உணவு கெடுவது இடக்குறைவால் என்பதைவிடக் கண்ணில் படாததால்தான். எவர்சில்வர் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும், ஆறாவது டப்பாவை யாரும் திறப்பதில்லை. மீதத்துக்கு மட்டும் மூன்று நான்கு கண்ணாடி டப்பா வாங்கி, கண் மட்டத்தில் உள்ள தட்டை 'முதலில் சாப்பிட வேண்டியது' என்று ஒதுக்கிவிடுங்கள். மூடியில் ஒட்டுத்தாளில் சமைத்த கிழமை. கதவுத் தட்டுதான் உள்ளே இருப்பதிலேயே சூடான இடம். பாலை அங்கே வைக்காமல் உள்ளே வையுங்கள், கதவில் ஊறுகாயும் சாஸும் இருக்கட்டும். ஐந்து பேருக்கு 190 லிட்டர் நெருக்கம்தான், மறுக்கவில்லை. நோட்டில் 'இடமில்லாமல் வெளியே வைத்தோம், கெட்டுவிட்டது' என்ற வரி வாரம் மூன்று நான்கு முறை வந்தால் பெரியது வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. 'மறந்துவிட்டது' என்ற வரியே திரும்பத் திரும்ப வந்தால் புது ஃப்ரிட்ஜிலும் மறக்கத்தான் போகிறது.

கடைக்குப் போகுமுன் இரண்டு சோதனை செய்துவிடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் 5 டிகிரிக்குள் காட்ட வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஆகாது, ஃப்ரிட்ஜுக்கென்றே தனியாக விற்கிறார்கள். அப்புறம் ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், நான்கு பக்கமும். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தளர்ந்து குளிர் வெளியே போகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பையில் ஒரு பங்கு அந்த ரப்பரால்கூட இருக்கலாம். ரப்பரை மட்டும் மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். புது ஃப்ரிட்ஜின் விலையோடு பார்த்தால் சின்னச் செலவுதான்.